டாப்ஸ்லிப்பை முன்பே போய்ப் பார்த்திருக்கலாம்: ஒரு ஏக்கர் தேக்கு எனக்கு வைத்த செலவு

2021 ஆடி மாதத்தில் எங்கள் தோப்பில் 146 தேக்கு மரங்களை ஐந்தே நாளில் வெட்டிச் சாய்த்தார்கள். தரகரிடமிருந்து கையில் வந்தது ஒன்றரை லட்சம். கையை விட்டுப் போனது, பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். பணத்தைவிட அதிகமாக வலித்த விஷயம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில்தான் புரிந்துகொண்டேன். அப்பாவோ தாத்தாவோ நட்டுவிட்டுப் போன தேக்கு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் தரகரைக் கூப்பிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்பில்தான் இருந்தார்கள், நான் போய்க் கேட்கவில்லை.

அப்பா தேக்கு நட்டது 1993ல். அந்த வருடங்களில் பத்திரிகையைப் பிரித்தால் தேக்கு விளம்பரம்தான். ஒரு கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருடத்தில் லட்சாதிபதி என்று பக்கம் பக்கமாகப் போட்டார்கள். அப்பா அந்தக் கம்பெனிகளை நம்பவில்லை, ஆனால் தேக்கை நம்பினார். பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த ஒரு ஏக்கர் மேட்டாங்காட்டில், ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் குழி எடுத்து 1,200 கன்று வைத்தார். கம்பெனிகள் பிற்பாடு ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன, அப்பாவின் மரங்கள் நின்றன. அதில் அவருக்குப் பெரிய பெருமை. “மரம் தானா வளரும், நம்ம வேலை காத்திருக்கறது மட்டும்தான்” என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் அந்தத் தோப்பில் ஒரு மரத்தைக்கூடக் கலைத்து எடுத்ததில்லை, அதாவது மற்ற மரத்துக்கு இடம் விட்டு நெருக்கத்தைக் குறைத்ததில்லை. பாதி தானாகவே செத்தது. மீதி 640 மரம், சூரியனைத் தேடி ஓடுகிற மாதிரி நெட்டையாக, ஒல்லியாக நின்றது.

2019ல் அப்பா போனார். ஆஸ்பத்திரிக் கடன் இருந்தது. தம்பி பெங்களூரில், “நீயே பாத்துக்கக்கா” என்று சொல்லிவிட்டான். நான் கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். மரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது நிழல் தரும் என்பதுதான். தரகர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் டேப் இல்லை, கயிறும் இல்லை. தோப்புக்குள் பத்து நிமிடம் நடந்தார். “எல்லாம் ஊசி மரமா நிக்குதுங்க அம்மிணி. வைரமே ஏறல. இருந்தாலும் உங்கப்பாவத் தெரியுமுங்க, அதுக்காக ஏழரை லட்சம் தர்றேன், மொத்தத்தையும் சுத்தமா வெட்டி எடுத்துக்கறேன். பேப்பர் வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க” என்றார். ஏழரை லட்சம் என்றதும் ஆஸ்பத்திரிக் கடன் கண்முன்னால் அடைந்துவிட்டது. ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு சரி என்றேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஊரில் யாரிடமும் கேட்கவும் இல்லை. பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிடுவார்களோ என்ற வீம்பு அது. அந்த வீம்புக்கான விலை கீழே வரும் கணக்கில் தனியாக எழுதப்படவில்லை, ஆனால் எல்லா வரியிலும் இருக்கிறது.

ஐந்து நாள் நான் அலுவலகத்தில் இருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தபோது தோப்பில் அங்கங்கே வானம் தெரிந்தது. எந்த மரம் போயிருக்கிறது என்று பார்த்தால், பருத்ததாகப் பார்த்து, நேராகப் பார்த்து, பொறுக்கி வெட்டியிருக்கிறார்கள். கோணலும் ஒல்லியும் அப்படியே நின்றன. கேட்டதற்கு, “மொதல்ல இது போகட்டுமுங்க, சின்னது அடுத்த வாரம்” என்றார்கள். வெட்டிய அடிக்கட்டைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன, பட்டை கிழிந்து, தும்பு தும்பாக. மரத்திலேயே பருமன் அதிகமான பாகம் அடிமரம்தான். அதில் ஒன்றரை அடியை நிலத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு லோடு ராத்திரியில் எந்த வழியாகப் போனதோ தெரியாது. மூன்றாவது லோடைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். தேக்கு எடுத்துப் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், அது இல்லை. அங்கே இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர்கள் வேலையைத்தான் செய்தார்கள். தரகருக்குப் போன் போட்டேன். “உங்க பட்டாவே சரியில்லீங்க அம்மிணி, நாங்க என்ன பண்றது” என்றார். அதற்குப் பிறகு அந்த எண் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. வாரிசு சான்றிதழ் வாங்கவே இல்லை. அதைவிட மோசம், எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று கிராமத்தில் எழுதி வைக்கும் அடங்கலில் அந்த நிலம் வெறும் மானாவாரி என்று இருந்தது. இருபத்தெட்டு வருடமாக நிற்கிற மரம் காகிதத்தில் இல்லை. இல்லாத மரத்தை வெட்ட எப்படி அனுமதி கேட்பது? வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம், கிராம நிர்வாக அலுவலர் வந்து மரத்தை எண்ணி அடங்கலில் ஏற்றுவது, பிறகு வனச்சரக அலுவலகத்தில் மனு, அவர்கள் வந்து பார்ப்பது என்று நாலரை மாதம் ஓடியது. அதற்குள் இறக்கி வைத்த கட்டைகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து இரண்டு முனையும் நட்சத்திரம் மாதிரி வெடித்துவிட்டன, மேலே இருந்த வெள்ளைப் பகுதியில் பூச்சி ஏறிவிட்டது. கன அடி 900க்குப் போக வேண்டியதை 600க்குக் கொடுத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மரத்தை விற்கும் எண்ணம் வரும் முன்பே, குறைந்தது ஒரு வருடம் முன்பே, காகிதத்தைச் சரி செய்யுங்கள். பட்டா உங்கள் பெயரில், அடங்கலில் மரத்தின் பெயரும் எண்ணிக்கையும், புல வரைபடத்தில் எல்லை. எல்லையில் நிற்கிற மரம் யாருடையது என்று பக்கத்துக் காட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் மலைப்பகுதிச் சட்டத்துக்குள் வருகிறதா, காப்புக்காட்டை ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து விதி மாறும், அதனால் யார் வாயாலும் கேட்காமல் உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். தரகர் “பேப்பர் வேலை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், பார்த்து முடித்த பேப்பரைக் கையில் கொடுத்த பிறகுதான் முதல் மரத்தில் ரம்பம் படலாம் என்று சொல்லுங்கள். பட்டா நிலம்தானே, என் மரம்தானே என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. நிலம் நம்முடையதுதான், சாலை நம்முடையது இல்லையே.

அடுத்த சில மாதம் நான் தோப்புப் பக்கமே போகவில்லை. போனால் அந்த அடிக்கட்டைகளைப் பார்க்க வேண்டும். 2022 தொடக்கத்தில்தான் ஒரு யோசனை வந்தது. தேக்கு வேலைக்கு நூறு வருடத்துக்கு மேலாகப் பேர் போன இடங்கள் இரண்டும் எங்களுக்கு அக்கம்பக்கம்தான், ஒன்று டாப்ஸ்லிப், இன்னொன்று கேரளத்தில் இருக்கிற நிலம்பூர். சுற்றுலாவாக அல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பார்த்தால் என்ன?

முதலில் நிலம்பூர். ஷொர்ணூரில் ரயில் மாறினேன். அந்தக் கிளைப் பாதை முழுக்கத் தேக்கு இரண்டு பக்கமும் கூடவே வரும். 1927ல் பாதை போட்டதே காட்டு மரத்தைக் கீழே கொண்டுவரத்தான். நான் போன நாள் திங்கட்கிழமை, தேக்கு அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. விடுப்பு போட்டு, ரயில் ஏறி, அறை எடுத்து, பூட்டின் முன்னால் நின்றேன். ஒரு நாள் வாடகை கூடுதல் செலவு. போகிறவர்கள் கிழமை பார்த்துப் போங்கள். மழைக்காலத்தில் போக வேண்டாம், கனோலி பிளாட்டுக்கு சாலியாற்றைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆறு பெருகினால் வழி அடைபடும்.

கனோலி பிளாட்தான் உலகிலேயே பழமையான தேக்குத் தோட்டம் என்பார்கள். மலபார் கலெக்டராக இருந்த கனோலி 1840களில் தொடங்கியது. கப்பல் கட்ட இயற்கைக் காட்டுத் தேக்கை வெட்டி வெட்டித் தீர்த்துவிட்டார்கள், இனி நட்டால்தான் உண்டு என்ற நிலை. ஆனால் விதை முளைக்கவே இல்லை. தேக்கங்கொட்டையின் ஓடு கல் மாதிரி. பல முயற்சி தோற்ற பிறகு அதை முளைக்க வைத்து, தோட்டத்தை நட்டு வளர்த்தவர் கனோலியிடம் வேலை பார்த்த சாத்து மேனன். தேக்கு விதையை ராத்திரி ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து என்று மாற்றி மாற்றிச் செய்து ஓட்டைத் தளர்த்துவது இன்றைக்கும் நாற்றங்காலில் உள்ள வழக்கம். கலெக்டர் பெயர் தோட்டத்துக்கு வந்தது, மேனன் பெயர் பலகையில் மட்டும் இருக்கிறது. அது போகட்டும். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பழைய தோட்டத்தின் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள், ஐந்தே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான ஒரு துண்டு மட்டும் தப்பியது. அதில் நிற்கிற மரங்களில் ஒன்றைக் கட்டிப்பிடிக்க என்னைப் போல மூன்று பேர் வேண்டும்.

அங்கே நின்றபோது எனக்கு வந்த கேள்வி மரம் எவ்வளவு பெரியது என்பதல்ல. இடைவெளி. ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எங்கள் வீட்டு முற்றமே அடங்கும். நட்டபோதே இப்படி நட்டார்களா என்று கேட்டேன். மர டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், “இல்ல மோளே” என்று சிரித்தார். நெருக்கமாகத்தான் நடுவார்கள், அப்போதுதான் மரம் பக்கக் கிளை விடாமல் நேராக ஏறும். பிறகு கலைத்துக்கொண்டே வருவார்கள். நாலாவது வருடம் வாக்கில் ஒருமுறை, எட்டாவது வருடம் வாக்கில் ஒருமுறை, அப்புறம் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஐம்பது அறுபது வருடத்தில் மிச்சம் நிற்பதுதான் கடைசி அறுவடை. ஒவ்வொரு முறையும் எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். “நோயாளி, கூனன், குள்ளன்” என்றார். நல்லதை விட்டு வைக்க வேண்டும், அதற்கு இடைஞ்சல் செய்வதை எடுக்க வேண்டும்.

முதலில் சொன்னேனே, பணத்தைவிட வலித்தது என்று, அது இதுதான். என் தோப்பில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். 640 மரத்தில் இருபத்தெட்டு வருடம் போட்டி போட்டு ஜெயித்த 146ஐத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, தோற்றதை எல்லாம் எனக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். வேலையாள் வைத்துக் கலைத்திருந்தால் எதை எடுத்திருப்பார்களோ அதெல்லாம் நிற்கிறது, எதை விட்டிருப்பார்களோ அதெல்லாம் போய்விட்டது. அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று அளவு. டிப்போவில் அடுக்கியிருக்கும் கட்டை ஒவ்வொன்றின் முகத்திலும் எண்ணும் அளவும் எழுதியிருக்கும். ஏலத்துக்கு முன்பே யாரும் போய்ப் பார்க்கலாம். இங்கே மர வியாபாரத்தில் பெரும்பாலும் நடப்பது கால் சுற்றளவுக் கணக்கு. கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 36 அங்குலச் சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் 5.6 கன அடி. அதே நீளம், 48 அங்குலம் என்றால் சரியாக 10. சுற்றளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, மரம் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிவிட்டது. இதற்கு மேல் பருத்த கட்டைக்குக் கன அடி விலையே அதிகம். கலைத்து எடுத்தால் மிச்ச மரம் பருக்கும் என்பதன் அர்த்தம் ரூபாயில் இதுதான். இந்தக் கணக்கு உண்மையான உருளை அளவைவிட நூற்றுக்கு இருபத்தொன்று போலக் குறைத்துக் காட்டும், அறுக்கும்போது ஓரம் வீணாவதற்கு அது சரிக்குச் சரி என்பார்கள். அதில் சண்டை போட வேண்டியதில்லை. விலை சொல்லும்போது எந்தக் கணக்கில் சொல்கிறார், பட்டைக்கு மேலா பட்டையை உரித்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏமாற்று நடப்பது வேறு இடத்தில், நடுவில் அளக்காமல் நுனியில் அளப்பார்கள். பன்னிரண்டடிக் கட்டை ஒன்று நடுவில் 34 அங்குலம், நுனியில் 28 என்று வையுங்கள். நடுவில் அளந்தால் 6 கன அடி, நுனியில் அளந்தால் 4. கண் முன்னாலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும், டேப் பிடித்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

டாப்ஸ்லிப்புக்கு இரண்டு முறை போக வேண்டியதாயிற்று. முதல்முறை மாசியில், முன்பதிவு ஒன்றும் இல்லாமல், நம்ம ஊர்க்காடுதானே என்று சேத்துமடைச் சாவடி வரை போய்விட்டேன். தீக்காலம், மேலே விடவில்லை. வாடகைக் காருக்குக் கொடுத்தது தண்டம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மூடுவது வழக்கம் என்பது பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. போகிற வாரத்தில் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, தங்குவதாக இருந்தால் முன்பே பதிவு செய்து, அடையாள அட்டையோடு போங்கள். மழைக்குப் பிறகு போனால் அட்டைப்பூச்சிக்குத் தயாராகப் போங்கள். மேலே போன் எடுக்கும் என்று நம்பி எந்த ஏற்பாட்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பரம்பிக்குளமும் பார்க்க வேண்டும் என்றால் இதே வழிதான், கேரளக் காடாக இருந்தாலும் சாலை நம் பக்கமிருந்து மட்டுமே. அங்கே தூணக்கடவுப் பக்கம் இருக்கும் கன்னிமாரா தேக்கைத் தவறவிட வேண்டாம், சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர். அது நட்ட மரம் இல்லை, தானாக முளைத்தது.

இரண்டாம் முறை ஐப்பசியில் போனேன். டாப்ஸ்லிப் என்ற பெயரே மலை உச்சியிலிருந்து கட்டையைச் சரித்துவிட்டதால் வந்தது. கப்பலுக்கும் பிறகு ரயில் பாதைக்கும் என்று வெட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலையை மொட்டையாக்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்த வன அதிகாரிதான் ஹியூகோ வுட். முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தவர். வேரோடு அழிக்காமல், அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்ற முறையை இங்கே ஒழுங்காகக் கொண்டுவந்தார். வெட்டின இடத்தில் தேக்கு நட்டார். பை நிறைய விதையோடு நடப்பாராம், கைத்தடியால் குழி போட்டு விதையைத் தள்ளி மூடிக்கொண்டே போவாராம், இது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1933ல் குன்னூரில் இறந்தார், அவர் கேட்டுக்கொண்டபடி இங்கேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது, என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிப் பார் என்று அர்த்தம். பார்த்தேன். தேக்குதான், எல்லாப் பக்கமும். உடன் வந்த மலசர் பழங்குடி இளைஞர் அவரை வுட் துரை என்று ரொம்பப் பழகியவர் மாதிரி சொன்னார். விதை போட்டது துரை, குழி வெட்டி, நட்டு, யானை கட்டி இழுத்தது யார் என்பதையும் அந்தக் கல்லறைப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதலாம்.

இப்போது அங்கே மரம் வெட்டுவதில்லை. 1976ல் சரணாலயமாகி, பிறகு புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. கட்டை இழுத்த யானைகளின் வம்சம் கோழிகமுத்தி முகாமில் இருக்கிறது. வேலைக்காடாக நட்ட காடு, வேலை நின்ற பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்க அது நல்ல இடம். கலைக்காமல் விட்ட தேக்கு நெருக்கி நிற்கிற பகுதியில் தரையில் வேறு செடி அதிகம் இல்லை, காய்ந்த இலைதான் மெத்தை மாதிரி. தீ ஏன் பிடிக்கிறது என்று அதில் நடந்தால் காலுக்கே தெரியும். எங்கள் தோப்பிலும் அதே மெத்தைதான் இருந்தது, நான் அதை உரம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பயணத்தில் அறிமுகமான ஓய்வுபெற்ற வனவர் ஒருவர் மார்கழியில் எங்கள் தோப்புக்கு வந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார், அம்மா சுட்ட தோசையை மட்டும் மறுக்கவில்லை. மிச்சம் 494 மரம். “வெட்டறத அப்புறம் பாக்கலாம், முதல்ல நிக்க வேண்டியதைப் பாருங்கம்மா” என்றார். ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, நிற்க வேண்டிய மரத்துக்கு மட்டும் பட்டை போட்டோம். தலை வெயிலில் இருக்கிறதா, தண்டு நேரா, அடியில் பொந்து இல்லையா, உச்சி இரண்டாகப் பிளக்கவில்லையா என்று ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து. இரண்டு நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. 324 மரம் தேறியது. இதை யார் செய்தாலும் வெட்டுகிறவர் செய்யக்கூடாது, நாமே செய்ய வேண்டும். நிற்பதைக் குறித்துவிட்டால் வெட்டுகிறவர் எதைத் தொடக்கூடாது என்பதில் வாய்ச்சண்டைக்கே இடமில்லை.

2023 தையில், அனுமதிக் காகிதம் கையில் வந்த பிறகு, 170 மரத்தை எடுத்தோம். இந்த முறை விலை மொத்தமாக இல்லை, கன அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து. தரையை ஒட்டி, சாய்வாக, வழவழப்பாக வெட்டச் சொன்னேன், தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும், துளிர் கீழிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் நானே நடுவில் அளந்து எண் போட்டேன். மொத்தம் 255 கன அடி, எல்லாம் சின்னக் கட்டை, 450 ரூபாய் வீதம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் சில்லறை. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் போக 76,000 நின்றது. கழித்துப் போட்ட மரத்துக்கு இது. முதல் இரண்டு லோடில் போன ஜெயித்த மரம் நூறுக்கு முன்பு கிடைத்தது ஒன்றரை லட்சம் என்பதை நினைத்துப் பாருங்கள், ஒழுங்காக அளந்திருந்தால் அது நாலு லட்சத்துச் சொச்சம். அதில் போனது இரண்டரை லட்சம், வெடித்துப்போன லோடில் அறுபதாயிரம், அபராதம் இருபத்தைந்தாயிரம், வக்கீலும் அலைச்சலும் பதினெட்டாயிரம். முதலில் சொன்ன மூன்றரை லட்சச் சொச்சம் அதுதான்.

சின்னத் தண்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் முதல் மழைக்குப் பிறகு தோப்பு முழுக்க இலை சல்லடையாகி, பத்து நாளில் நரம்பு மட்டும் நின்றது. புழு மழை மாதிரி நூலில் தொங்கியது. பயந்துபோய் எட்டாயிரத்துக்கு மருந்து அடித்தேன். நாற்பது அடி உயரத்துக்குக் கைத்தெளிப்பான் எங்கே எட்டும்? வனவரிடம் சொன்னால் சிரிக்கிறார். அது தேக்கு இலைப்புழு, வருடா வருடம் வருவது, மரம் சாகாது, அடுத்த துளிர் வந்துவிடும், அந்த வருட வளர்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சின்னக் கன்றாக இருந்தால் கவனிக்க வேண்டும், வளர்ந்த மரத்துக்குக் கீழே நின்று மருந்து அடிப்பது காசைக் காற்றில் விடுவது.

இப்போது தை மாதம் வந்தால் டேப்போடு போய்விடுகிறேன். மார்பு உயரம், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், மரத்தில் ஒரு வளையம் வரைந்திருக்கிறது, வருடா வருடம் அதே வளையத்தில் அளக்க வேண்டும், ஒரு சாண் ஏறி இறங்கினால் கணக்கே பொய். கலைக்கும் முன்பு ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாமல் நின்ற மரங்கள் போன வருடம் இரண்டு, இரண்டரை ஏறியிருந்தன. அம்மா டேப்பின் முனையைப் பிடிப்பார், நான் எழுதுவேன். அம்மாவுக்கு எண் மேல் நம்பிக்கை இல்லை, மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு “இது தேறும்” என்கிறார். பாதி நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

தரகர் விட்டுப் போன 146 அடிக்கட்டையில் தொண்ணூறு போலத் துளிர்த்தது. முழங்கால் உயரத்தில் கிழித்து வெட்டியதால் துளிர் மேலிருந்து வந்தது, ஆடிக்காற்றில் பாதி பிய்ந்து விழுந்தது. மண்ணை ஒட்டி வந்தவற்றில் கட்டைக்கு ஒன்று மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். வடகிழக்கு மூலையில் ஒன்று, பழைய கட்டை பாதி மட்கிப்போய், அதன் விளிம்பில் சாய்ந்து வளர்கிறது. அது மரமாகாது, எடுத்துவிடுங்கள் என்றார் வனவர். நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன், போன தையில் 19 சென்டிமீட்டர்.